மாமா பரிமாறிய பந்தி

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து அதைத் தயார் செய்தேன். வீட்டில் இருக்கிற படம், பாட்டு, விசேஷ வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி, போஸ்டர் ஒட்டி, டிவியில் காட்டுகிற ஒரு மென்பொருள் அதில் ஓடுகிறது. ஒருமுறை மகளின் காதுகுத்து வீடியோவுக்கு எங்கிருந்தோ ஒரு பேய்ப்படத்தின் போஸ்டரைத் தேடி ஒட்டிவிட்டது. என் மனைவி அதை மாற்ற விடவில்லை. மகள் அன்றைக்குப் போட்ட கூச்சலுக்குப் பொருத்தம்தான் என்றாள்.

போன வருஷம் மகள் விரல் நீளத்தில் ஒரு கருவி வாங்கி டிவியின் முதுகில் செருகினாள். உலகத்துப் படமெல்லாம் அதில் வந்தது. கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை.

"அப்பா, இனி இது எதுக்குங்க? எல்லாம் இதுலயே வருதே. பழைய இரும்புக்கடைக்குப் போட்டா எடமாச்சும் மிச்சமாகும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. சொந்தக் கையால் செய்ததைக் குறை சொன்னால் வருகிற கோபம், நியாயமெல்லாம் பார்க்காது.

அந்தச் சமயத்தில்தான் தாராபுரத்திலிருந்து அக்கா வந்தாள். அவள் கணவர், எங்கள் மாமா, காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, உன்ற கல்யாண வீடியோ வெச்சிருக்கீல்ல? போட்டோவுலயெல்லாம் மாமா வெறைச்சுட்டு நிக்கறாரு. ஓடியாடித் திரியறதப் பாக்கோணும் கண்ணு. அவரு நடையே எனக்கு மறந்துபோயிருமாட்ட இருக்குது."

மாமாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. மகன் போனை நீட்டினால்கூட எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அவர் நடமாடுகிற படம் என்று ஒன்று இருந்தால் அது என் கல்யாண வீடியோவில்தான். எனக்கு ஒரே பெருமை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

இணைச்சீர் வந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு எங்கள் பக்கம் செய்கிற சீர் அது. பட்டுச்சேலையில் அக்கா நிமிர்ந்து நின்றாள். தாலிகட்டு வந்தது. அப்புறம் நானும் என் மனைவியும் காரில் ஏறிவிட்டோம். மாமா எங்கேயும் இல்லை.

"அவரு பந்தியிலல்ல இருந்தாரு" என்றாள் அக்கா.

பந்திக்கு முந்து என்பார்கள். மாமாவும் எல்லா விசேஷத்திலும் பந்திக்கு முந்துவார், ஆனால் உட்காருவதற்கு அல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா" என்று விசாரிப்பார். என் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குக்கூட மேடைப் பக்கம் வரவில்லை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அந்தப் பந்தி மட்டும் முக்கால் மணி நேரம் இருந்தது. பிறகு டிஸ்க்கில் இடம் போதாமல் போனது. அடுத்தவர் சாப்பிடுவதை யார் வேலை மெனக்கெட்டுப் பார்ப்பார்கள் என்று அதை வெட்டியெறிந்தவன் நான்தான். கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி உடு தம்பி, நீ என்ன தெரிஞ்சா செஞ்ச" என்றாள்.

மகள்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, மொதல்ல முழுசா ஏத்திட்டு அப்பறமா வெட்டுனீங்களா?"

ஆமாம் என்றேன். வீடியோவை ஓட்டித் தள்ளும்போது கீழே சின்னச் சின்னப் படம் தெரியுமே, அதற்காக அந்த மென்பொருள் பத்து விநாடிக்கு ஒன்றாகத் தானே படம் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடியோவை நான் வெட்டினேன், சரி. அந்தப் படங்களை அது வெட்டியதா? இரண்டு பேருமாக அதன் கோப்புகளைத் துழாவினோம். எனக்கு இருந்த புத்தி அதற்கு இல்லை, நல்லவேளை. எல்லாம் அப்படியே கிடந்தன.

தபால்தலை அளவுதான். டிவியில் பெரிதாக்கினால் கலங்கித் தெரிந்தது, சத்தமும் இல்லை. முதல் படத்தில் மாமா வாளியோடு நின்றார். அடுத்ததில் இரண்டு இலை தள்ளிக் குனிந்திருந்தார். அதற்கடுத்ததில் வெளிச்சம் கூசி, கரண்டி பிடித்த கையால் முகத்தை மறைத்தார்.

மகள் ரிமோட்டை அக்காவின் கையில் கொடுத்து, "இந்தப் பட்டன வேகமா அமுக்குங்க அத்தை" என்றாள். அக்கா அமுக்கினாள். மாமா இலை இலையாக நகர்ந்தார்.

"எடதுபக்கந் தோள எறக்கீட்டுப் போறாரு பாரு. வாளி இல்லீன்னாலும் அப்படித்தான் நடப்பாரு" என்றாள்.

படம் காட்டுகிற வேலையை இனி அந்த விரல் நீளக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் மாமா அதில் வரமாட்டார்.

கடைசிப் படத்தில் வரிசை முடிந்திருந்தது. மாமாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதல் படத்துக்கே திரும்பிப் போனாள்.

"இன்னொரு பந்தி வெக்கட்டும் தம்பி" என்றாள்.