கோரிமேடு என்றால் காயம்

1. சனிக்கிழமை காலை

மறுநாள் போட்டியின் இறுதிச் சுற்று. சேதராப்பட்டு டீமில் நாலு பேருக்கும் சாட் மூடப்பட்டிருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் அடிக்கடி 'கோரிமேடு' என்று டைப் செய்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஆன்லைன் கேம் கம்பெனி ஒன்றின் புதுச்சேரி கிளையில் தமிழ் சாட் மாடரேட்டராக இருந்தேன். விளையாடுகிறவர்கள் எழுதுவதைப் படித்து, வசை எழுதினால் தடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் பாதி புரியாது. சுட்டுத் தள்ளிவிட்டு 'ஜிஜி' என்று போடுவார்கள். 'குட் கேம்' என்பதன் சுருக்கம், 'நல்ல ஆட்டம்' என்று பொருளாம். பக்கத்து சீட் சதீஷ்தான் காரணம் சொன்னான்.

"முழுசா டைப் பண்ணிட்டிருந்தா அதுக்குள்ள சுட்டுருவான்க்கா. ரெண்டு எழுத்துனா உசுரு தப்பும்."

ஆனால் 'கோரிமேடு' சதீஷுக்கும் தெரியவில்லை. ஆட்டத்தில் ஆட்கள் சாகிற நேரத்திலெல்லாம் அந்தச் சொல் வருவதைப் பார்த்து, பெங்களூர் தலைமை அலுவலகத்தின் ஃபில்டர் அதை வசைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான் டீம் கேப்டன் வேலுவுக்குப் போன் போட்டேன். சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்.

"திட்டலாம் இல்ல மேடம். அடிபட்டா எங்க தூக்கிட்டுப் போவோம்? கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்குத்தானே? 'நான் கோரிமேடு'னு போட்டா, மருந்துப் பெட்டிய எடுத்துக்கினு ஓடியாந்துருவானுங்க. இப்ப மதுரைக்காரன், மலேசியாக்காரன்லாம் போடுறான். அது ஒரு ஊருன்னே அவனுங்களுக்குத் தெரியாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜர் ஜெயபால் சாரிடம் போனேன்.

"ஊர் பேரா? அத எதுக்கு, நஸீமா, சாவும்போது சொல்றாங்க?"

"சாவறதுக்கு இல்ல சார். பொழைக்கிறதுக்கு."

பெங்களூருக்கு அவரே பேசினார். சாயந்திரத்துக்குள் தடை நீங்கியது.

ஞாயிறன்று நாங்கள் எல்லோரும் திரையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் நாலு பேரும் ஒரே குண்டில் விழுந்தார்கள். நாலு பேரும் 'கோரிமேடு' என்று போட்டார்கள். தூக்கிப் போக ஆளில்லை. ஜெயித்த டீமுக்கு 'ஜிஜி' போட்டுவிட்டு வெளியேறினார்கள். ஜெயபால் சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

2. பட்டன்

பெங்களூர்க்காரர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த அப்டேட்டில் அதற்கென்று ஒரு பட்டன் வைத்தார்கள். அழுத்தினால் ஒரு பெண் குரல் இனிமையாக "கோரிமேடு" என்று சொல்லும். ஆபீசில் கேக் வெட்டினோம்.

அதோடு சரி. கொஞ்ச நாளில் அந்தச் சொல்லை யாரும் டைப் செய்வதில்லை, பட்டனையும் தொடுவதில்லை. மனசு கேட்காமல் வேலுவிடம் விசாரித்தேன்.

"கம்பெனியே சொல்லுதேக்கா, அப்பறம் நாங்க எதுக்கு சொல்லணும்? பள்ளிக்கூடத்துல பிரேயர் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. தோ, கேம்ல பேசிக்க மைக்கும் வந்துருச்சு. 'டேய் அடிபட்டுட்டன், வாடா'ன்னா முடிஞ்சுது."

மைக் வந்த பிறகு 'ஜிஜி'கூடக் குறைந்தது. கை டைப் செய்த காலத்துக்கு அந்தச் சுருக்கம் தேவைப்பட்டது. வாய் பேசத் தொடங்கியதும் அதற்கு வேலை போய்விட்டது. எனக்குச் சில நாள் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விளையாடியவர்களில் ஒருவர்கூட வருந்தியதாகத் தெரியவில்லை.

3. புதிதாக வருபவர்களுக்கு

இப்போது நான் மாடரேட்டர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களிடம் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: புரியாத சொல் வந்தால் தடுக்காதீர்கள், எழுதினவரிடம் கேளுங்கள். பொருள் தெரிந்த பிறகு தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

போன வாரம் சாட்டில் ஒருவர் 'தவளக்குப்பம், தவளக்குப்பம்' என்று எழுதியிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"நெட்டு நின்னுபோச்சு மேடம். தவளக்குப்பம் ஜங்ஷன்ல பஸ்ஸு மாட்டிக்குமே, அந்த மாதிரி."

பெங்களூருக்கு நான் சொல்லவில்லை.