மூச்சுத்துளையில் சந்தனம்

அந்த வால்வைக் கெடுத்தவர் எங்கள் துறைத்தலைவர். நான் இல்லை.

தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், அழுத்தக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான் உதவியாளர். கம்ப்ரசர் காற்றை அனுப்பும். வால்வு அதை அளந்து விடும். டேங்கில் நாம் வைத்த அழுத்தம் நிற்கும். மொத்தப் பாடமும் அவ்வளவுதான். அந்த வால்வின் மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. டேங்கில் காற்று சேர்ந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு எழும்பி வழியை அடைக்கும். அது எழும்ப வேண்டுமானால் அதற்கு மேலே இருக்கும் காற்று அந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டும்.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தோம். நானும்தான் வைத்தேன். பூசணிக்காய் உடைத்ததே நான். துறைத்தலைவர் கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து நேராக அந்தத் துளையில் அப்பினார்.

"சார், அங்கன வேணாம். அது மூச்சு விடுற ஓட்டை. கம்பெனிக்காரக சொல்லிட்டுப் போயிருக்காக."

"நெத்தி மாதிரி அம்சமா இருக்குப்பா. வேற எங்கன வைக்க?"

அதோடு விட்டாரா? அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஒன்று டேங்கில் உண்டு; அதன் குழாய் வாயிலும் ஒரு பிடி பொரிகடலை, மேலே குங்குமம்.

விடுமுறை முடிந்த அன்றே செய்முறைத் தேர்வு. காலையில் ஈரத்துணியோடு போனேன். "சாமிக்கு வச்சத அழிக்காத. வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கட்டும்" என்று விரட்டினார். சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

வெளியூர்த் தேர்வாளர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். சரியாக அந்தக் குழாய்க்கு நேரே நாற்காலியைப் போட்டார். கோம்பையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வால்வைத் திருகினாள்.

"அண்ணே, ரெண்டுல வச்சா மூணத் தாண்டுது. எங்க வீட்டு நாய்கூட நில்லுன்னா நிக்கும்."

கம்ப்ரசரை நிறுத்த ஓடினேன். அதற்குள் அழுத்தமானியின் முள் நாலைத் தொட்டது. பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. அன்று அந்த அறையில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். பொரி, கடலை, குங்குமம் அத்தனையும் தேர்வாளர் நெஞ்சில். மாலை போடாத மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ரீடிங் எவ்வளவுன்னு எழுத?" என்றாள் மாணவி.

குண்டூசியால் துளையைக் குத்திவிட்டேன். மறுபடி ஓட்டியதும் முள் இரண்டில் ஆணி அடித்தாற்போல் நின்றது. துறைத்தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எல்லாம் சாமி புண்ணியம்" என்றார்.

சாயங்காலம் எனக்கு மெமோ. பராமரிப்பில் அலட்சியமாம். இப்போது விடுதியின் தண்ணீர் மோட்டார் அறையில் கிடக்கிறேன். என் கோப்பில் அந்தத் தாள் இருக்கும்வரை ஆய்வகத்துக்குத் திரும்ப முடியாது.

துறைத்தலைவர் சார், சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர் நீங்கள். அங்கே சாமியிடம் மட்டும் உண்மையைச் சொன்னது போதும். திங்கட்கிழமை காலையில் மாணவர்கள் எல்லோர் முன்னாலும் அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்: அந்தத் துளையில் சந்தனம் அப்பியது யாருடைய கட்டைவிரல்?