மறைப்புப் பலகைக்கு இரண்டு பக்கம்

பக்கத்து வீட்டு சார் தினமும் எங்கள் சிட்-அவுட்டை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன டிபன்?" என்று கேட்பார்.

பொறுக்க முடியாமல், சேலையூர் மரக்கடையில் இருந்ததிலேயே மலிவான பழைய பேக்கிங் பெட்டிப் பலகைகளை வாங்கி இரண்டு வீட்டுக்கும் நடுவில் அடைத்துவிட்டேன். இன்று காலை முழுக்கப் பச்சை பெயிண்ட் அடித்ததில் இடுப்பு விட்டுப்போனது.

முடித்ததும் அவரே வந்து நின்றார்.

"உங்க பக்கம் ஜோரா இருக்கு சார். எங்க பக்கம் பெட்டி எழுத்தெல்லாம் தலைகீழா தெரியுது. அதையா நாங்க தினம் பாக்கறது?"

நியாயம்தான். பிரஷ்ஷோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். என் சம்பளம், மகன் மார்க், மாமியார் சர்க்கரை எல்லாம் மாலைக்குள் கேட்டு முடித்தார்.

கிளம்பும்போது, "ரெண்டாவது கோட் நாளைக்குத்தானே சார்?"

இந்தப் பலகையை எதற்கு வைத்தேன் என்று யாராவது ஞாபகப்படுத்துங்கள்.