வியாழக்கிழமைக்கு மாற்றிய டிக்கெட்

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கவுண்டருக்கு உள்பக்கம் நான். வெளிப்பக்கம், திருச்செங்கோட்டுக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து வந்த பெரியவர். அவருக்கு இரண்டடி தள்ளி, மஞ்சள் துணிப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்ற அவருடைய மருமகள். டைப் அடிக்கும் அக்கா நான்காவது ஆளாக இருந்திருக்க வேண்டும். தபால் ஆபீசுக்குப் போயிருந்தார். முதலாளி மதராஸில். இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று பேர்தான்.

சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியின் முன்னறையில் விமான டிக்கெட்டும் பதிவு செய்து கொடுத்து வந்தோம். மில்காரர்களும் ஏற்காட்டுத் தோட்டக்காரர்களும் லாரி முதலாளிகளும்தான் வருவார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்து, பணம் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டிக்கெட்டில் தேதி எழுதினால் மூன்று முறை சரிபார்ப்பேன். எழுதிக் கொடுத்த பிறகும், அந்த ஆள் தெருமுனை தாண்டும்வரை, எங்கோ தப்பு விட்டுவிட்டோம் என்றே இருக்கும்.

பெரியவருடைய மகன் சங்ககிரியிலிருந்து பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். பம்பாய்க்குப் பக்கத்தில் வண்டி கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவு இருக்கிறது, சம்சாரத்தைக் கேட்கிறார், உடனே அனுப்புங்கள் என்று லாரி ஆபீசுக்குத் தந்தி வந்திருந்தது. விசாரிக்கத்தான் இருவரும் காலையில் ஊரிலிருந்து கிளம்பி வந்தார்கள். ரயிலில் போனால் இரண்டு நாளாகும் என்று லாரி முதலாளிதான் எங்களிடம் அனுப்பி, பாதிப் பணமும் கொடுத்திருந்தார். மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தால் தெரிந்தது. தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.

புதன்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து விமானம். அதைப் பிடிக்க, மூன்றே கால் பஸ்ஸில் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். அதுதான் அன்றைக்குக் கடைசி. இரண்டு டிக்கெட்டையும் எழுதி, சரிபார்த்து, நீட்டினேன். பெரியவர் வாங்கி மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஏனுங்க தம்பி, செவ்வாக்கெழம மூணுல இருந்து நாலரை வரைக்கும் ராவு காலமுங்களே. பையன் உசுரு சமாச்சாரமுங்க. அந்நேரத்துல நான் பொறப்பட மாட்டனுங்க.”

காலையிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டீர்களே என்றேன். அது விசாரிக்க வந்த பயணம், பம்பாய்ப் பயணம் இனிமேல்தான் என்றார். இந்தச் சீட்டையே நாளை மறுநாளைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

அப்போது அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “மாமா, பொறப்பட்டுறலாமுங்க.”

“பொறு அம்மிணி. நல்லதுக்குத்தான சொல்றேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, விழாதது மாதிரி இருந்தேன்.

விதி எனக்குத் தெரியும். புறப்பட ஒரு நாளுக்குள் தேதியை மாற்றினால் பாதிப் பணம் போய்விடும். அதைச் சொல்லியிருந்தால் போதும். பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார், கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வேப்பங்குச்சியைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்று இருந்தது. கெட்ட நேரத்தில் நானே அனுப்பிவைத்து வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி என் தலையில் விழுமே என்றும் இருந்தது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி பயம்.

பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். அதிர்ஷ்டம், பத்து நிமிஷத்தில் கிடைத்தது. ஆஸ்பத்திரி கேஸ், ஏழைகள் என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் பேசியவரும் தமிழர்தான். நாள் முழுக்க இதே மாதிரி கேட்டுக் களைத்த குரல். சரி, பாதிப் பணம் பிடிக்க வேண்டாம், மாற்றுக் கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் மட்டும் கட்டச் சொல்லுங்கள், வியாழக்கிழமைக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். பெரியவரிடம் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போக மிச்சம் இல்லை. அந்த இருபத்து நான்கு ரூபாயை நான் கட்டிக்கொள்கிறேன் என்றேன். என் சம்பளம் அப்போது தொண்ணூறு.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெங்களூர் பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அது ஆரன் அடித்துக்கொண்டு போய் ஓய்ந்த பிறகு, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு மாமனாருக்குப் பின்னால் நடந்தாள். அன்றிரவு சேலத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் நல்ல நேரத்தில் பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

நான்கு மணிக்கு டைப் அக்கா வந்தார். மாதா கோயில் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏன் தம்பி, மூணு மணிக்குள்ள அந்தப் பைய எடுத்துட்டுப் போயி எதுத்த டீக்கடையில வெக்கச் சொல்லியிருந்தா, பயணம் அப்பவே பொறப்பட்டதாத்தான அர்த்தம்? அப்புறம் எந்த நேரத்துல வேணாலும் பஸ் ஏறலாமே. எங்க தெருவுக்குப் பக்கத்துல எல்லாரும் இதத்தான் செய்யறாங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவ வந்து உனக்குச் சொல்லித் தரணுமா?”

பரஸ்தானம். எனக்குத் தெரியாததா? என் அப்பாவே பழனிக்குப் போகும்போது துண்டையும் வேட்டியையும் மூட்டை கட்டி முன்கூட்டியே பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருவார். ராகு காலம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. டீக்கடை இருபதடி தூரம். அந்தப் பெண்ணின் கையிலேயே பை இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. விதிப்புத்தகமும் டிரங்க் காலும் இருபத்து நான்கு ரூபாயும்தான் தோன்றின. என் முகத்தைப் பார்த்து அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு நாள்தானே, விடு என்றார்.

வெள்ளிக்கிழமை வேறு வேலையாக வந்த லாரி ஆபீஸ் ஆள் விஷயத்தைச் சொன்னார். புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் உயிர் போயிருக்கிறது. மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தாராம். சம்சாரம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். வியாழக்கிழமை இவர்கள் போனபோது பிணவறையில்தான் பார்த்திருக்கிறார்கள். புதன்கிழமை விமானத்தில் போயிருந்தால் மத்தியானத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதே கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். தேதியை மாற்றச் சொல்லி யாராவது வந்தால், கேட்கிறவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்ப்பேன். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பேன். இவனுக்கு என்ன வந்தது என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். முதலாளியிடம் புகாரும் போயிற்று.

அந்தச் சாவு நடந்து இரண்டு மாதம் கழித்துப் பெரியவரும் மருமகளும் வந்தார்கள். கடலைக்காய் பிடுங்கி விற்ற பணம் கொண்டு வந்திருந்தார்கள். பெரியவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, யாரும் செய்யாத உதவி செய்தீர்கள், எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று அழுதார். பிறகு நிற்க முடியாமல் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் மட்டும் நின்றாள். காதில் அதே குச்சி.

அவர் வெளியே போகக் காத்திருந்தவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள். “அன்னிக்கு நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமுங்க. சொல்லியிருந்தா மாமா ஏறியிருப்பாருங்க.”

குரலில் கோபம் இல்லை. பரஸ்தானத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இன்னொரு பாரத்தை ஏன் அவள் தலையில் ஏற்ற வேண்டும் என்று விட்டேன். அதுவும் இரக்கமா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, பதினைந்து ரூபாயைக் கவுண்டரில் வைத்தாள். வேண்டாம் என்று தள்ளினேன். “அன்னிக்கு உங்க கைக்காசக் கட்டுனீங்க. ஆருகிட்டயும் கடன் வேண்டாமுங்க. மிச்சத்த அடுத்த வெள்ளாமைக்குக் கொண்டாறேன்” என்றாள். அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளாமைக்கு அவள் வரவில்லை. பெரியவர் காலமாகிவிட்டார், நிலத்தை விற்றுவிட்டு அவள் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள் என்று பிற்பாடு லாரிக்காரர்கள் சொன்னார்கள். அவள் கணக்குப்படி, எனக்கு இன்னும் வர வேண்டியது ஒன்பது ரூபாய்.