பையோடு நட்ட மரம்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குத் திக்கிவிடும். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், மற்றவர்களுக்கு டெய்லரம்மா. வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு டேப்பும் வாயில் குண்டூசியுமாக உட்கார்ந்திருப்பாள். வாயில் ஊசி இருக்கிற நேரத்தில்தான் அவளிடம் பேசுவது சுகம், பதில் வராது. பேன்ட் இடுப்பைத் தளர்த்த வருகிறவரிடம், "துணி சுருங்கலங்க, நீங்கதான் ஊதிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவள் போட்ட தையல் பிரியாது.

அவளுக்கு ஒரே பிள்ளை. அவனுக்கு அம்மா பக்கத்தில் இன்னொரு மெஷினைப் போட்டு உட்கார வேண்டும் என்றுதான் ஆசை. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தால் அம்மாவைவிட நேர்த்தியாக எடுப்பான். அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளப் புள்ள ஊசியும் நூலுமா உக்காந்திருந்தா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சொல்லி, பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் அவளே கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாள். அங்கே இருந்த அதிகாரி, "கவலப்படாதீங்கம்மா, பத்திரமா பாத்துக்குவோம்" என்றார். அங்கே அவனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. மழை நாளில் மலைப்பாதையில் லாரி உருண்டது. பெட்டியில் திருப்பி அனுப்பியபோது ரொம்பப் பத்திரமாகத்தான் அனுப்பினார்கள்.

அண்ணி சில நாள் மெஷினை மூடி வைத்தாள். பிறகு திறந்து, பாக்கி கிடந்த பேன்ட்டுகளுக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் அழவில்லை, என் முன்னால் அழுவதற்கு அவள் சாதாரண ஆளா?

அதற்குப் பிறகுதான் நினைவுத் தோட்டம் வந்தது. பழைய பஸ் டிப்போவை இடித்துவிட்டு, நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு மரம் என்று ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவராக வந்தவர் கூட்டங்களுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நாட்டுக்காக அவர் செய்தது என்னவென்றால், நாட்டைப் பற்றிப் பேசிய எல்லாக் கூட்டத்துக்கும் நாற்காலி போட்டது. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் மனிதர் போருக்கே போய்விடுவார்.

மற்றக் கன்றுகளையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் நட்டார்கள். அகர வரிசையில் எங்கள் பையன் பெயர் முதலில் வந்ததால் அவன் கன்றை மந்திரி நட்டார். எங்களுக்கு ஏக மரியாதை, முன் வரிசை நாற்காலி. மந்திரி வெள்ளைச் சட்டையில் வந்து, கன்றைக் கையில் வாங்கி, காமிராவைப் பார்த்துக்கொண்டே குழியில் இறக்கினார். தலைவர் மைக்கில், எங்கள் பையன் எதிரிகளை ஓட ஓட விரட்டியதாகச் சொன்னார். அண்ணி என் காதில், "அவன் நாய் தொரத்தினாலே ஓடுவாண்டி" என்றாள். நான் சிரிப்பை அடக்க இருமினேன். பக்கத்திலிருந்த அம்மாள் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று முதல் ஞாயிறு மாலை என்றால் அண்ணிக்குத் தோட்டம்தான். துணைக்கு நான். பிள்ளைகள் நட்ட கன்றுகள் மளமளவென்று கிளம்பிவிட்டன. எங்கள் கன்று மட்டும் நட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே நின்றது, பிறகு இலையையும் உதிர்க்க ஆரம்பித்தது. அண்ணி கழுத்து டேப்பை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றி அளப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, மீன் கழுவின தண்ணீர் எல்லாம் கைப்பையிலிருந்து வெளியே வரும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அம்மா, செடியத் தொடக் கூடாது, புல்ல மிதிக்கக் கூடாது, போர்டு போட்டிருக்கு பாருங்க" என்பார். எதற்கும் ஒரு போர்டு இருந்தது. செத்தவன் பெயரை எழுதிய பலகையைவிட மிதிக்காதே என்று எழுதிய பலகை பெரிது.

தலைவரிடம் முறையிட்டோம். "மண்ணு வாகு அப்படிம்மா" என்றார். பக்கத்துக் கன்று ஒரு கை தூரத்தில் தழைத்து நின்றது. அதே மண்தான்.

ஒரு ஞாயிறு, திரும்பி வரும் வழியில் அண்ணி நடுத் தெருவில் நின்றுவிட்டாள்.

"அவனுக்கு எம்மேல கோவம்டி."

"யாருக்கு அண்ணி?"

"அவனுக்குத்தான். நாந்தானே புடிச்சுத் தள்ளினேன். உக்காந்து காஜா எடுக்கறேன்னான், நான் உடல. அதான் எங்கண்ணு முன்னாடி வளர மாட்டேங்கறான்."

"மரத்துக்கு என்ன அண்ணி தெரியும்?" என்றேன். சொன்னவுடனே எனக்கே அது எடுபடவில்லை. எப்போதும் எனக்கு வாயடைத்துப்போகிற மாதிரி பேசுகிறவள், அன்று வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு நான் அப்படி ஏங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

முதல் ஆண்டு விழா வந்தது. மறுபடி முன் வரிசை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எங்கள் கன்று பச்சைப் பசேலென்று நிற்கிறது. அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்து கிட்டே போனாள். ஓர் இலையை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பாலியஸ்டர்" என்றாள்.

காமிராவுக்கு மொட்டைக் குச்சி நன்றாக இருக்காதென்று, கடையில் விற்கிற துணி இலைகளை வாங்கிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். "துணியக் கூட ஒழுங்கா பாத்து வாங்கத் துப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் இலைகளைப் பிய்க்க ஆரம்பித்தாள். மேடையில் தலைவர் பேச்சில் எங்கள் பையன் அப்போதுதான் தனியாளாக ஒரு பாலத்தைக் காத்துக்கொண்டிருந்தான். அண்ணி ஓர் இலையை வெடுக்கென்று இழுத்தாள். கன்று குழியிலிருந்து அப்படியே கையோடு வந்துவிட்டது.

அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பை. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த அதே பை, பிரிக்காமல், ஒரு கீறல்கூட விழாமல். பையைப் பிரித்தால் மண் சிந்தி மந்திரியின் சட்டை அழுக்காகும் என்று அப்படியே இறக்கியிருக்கிறார்கள். மந்திரி போன பிறகு பிரித்து நட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மந்திரி போனதும் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணி அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தாள். துணியைத் தவிர வேறு எதிலும் பட விடாத கத்தரிக்கோல் அது. நான் ஒருமுறை காகிதம் வெட்டிவிட்டு ஒரு வாரம் திட்டு வாங்கியிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து பையை அடியிலிருந்து வாய்வரை கிழித்தாள். உள்ளே வேர்கள் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நூல்கண்டாகக் கிடந்தன. சிக்கெடுப்பது அவளுக்குப் பழக்கம்தான். பொறுமையாகப் பிரித்து, திரும்பக் குழியில் வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளினாள்.

தலைவர் ஒரு கணம் விழித்தார். ஆனால் மைக் கையில் இருக்கும்போது அவர் தோற்றதில்லை. "வீரத்தாய் தன் மகனின் மரத்துக்குத் தன் கையாலேயே மரியாதை செய்கிறார்" என்று முழங்கினார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மரம் பிழைத்துக்கொண்டது. முதல் தளிர் வந்த ஞாயிறு அண்ணி டேப்பைச் சுற்றி அளந்துவிட்டு, "அவனுக்குக் கோவமெல்லாம் இல்லடி. மூச்சு விட முடியல, அவ்ளோதான்" என்றாள். வரும் வழியெல்லாம் என் நடையை, என் செருப்பை, நான் வளர்த்த பிள்ளைகளை எல்லாம் ஒரு பிடி பிடித்தாள். எனக்குப் பரம நிம்மதி.

கதை இதோடு முடிந்திருந்தால் கமிட்டிக்கு அவமானம். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது: "வீரத்தாய் பை வெட்டும் நிகழ்ச்சி." போன வருடப் படம் பத்திரிகையில் வந்து பிரமாதமாகப் பேசப்பட்டதாம். இந்த முறை வருகிறவர் இன்னும் பெரிய மந்திரி. நாங்கள் போனபோது எங்கள் மரத்தைச் சுற்றி இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். பக்கத்தில் கறுப்புப் பையில் ஒரு புதுக் கன்று, பைக்கு ரிப்பன் வேறு.

"இது எதுக்கு?" என்றாள் அண்ணி.

"வெட்டுறதுக்கு பை வேணுமில்லம்மா" என்றார் தலைவர். "எடம் இதுதான், முன்னாடி இருக்கு, படத்துக்கு நல்லா வரும். பழைய மரத்த எடுத்துப் பின்னாடி சுவர் ஓரமா வெச்சிடலாம். கவலப்படாதீங்கம்மா, பத்திரமா பாத்துக்குவோம்."

அண்ணி முன் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு புல்லின் மேல் நடந்தாள். மரத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கடப்பாரைக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள், தலைவர் வாசலைப் பார்த்தார். வாசலில் மந்திரியின் கார் வந்துவிட்டது.

மந்திரி நேராகப் புதுக் கன்றிடம் வந்து கையில் எடுத்துக்கொண்டார். தலைவர் மைக்கை நீட்டியபடி பின்னாலேயே வந்தார். "குழி எங்கே?" என்று மந்திரி கேட்டார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"இது எம்புள்ள மரம், இத எடுக்க விட மாட்டேன். கையில வெச்சிருக்கறத நீங்களே வெட்டி, அதோ அங்க காலியா இருக்கு பாருங்க, அங்க வைங்க. உங்க புள்ள பேருல வைங்க."

மந்திரி கன்றைச் சட்டென்று தலைவர் கையில் திணித்தார். "என்னம்மா பேசறீங்க? எம்புள்ள நல்லா இருக்கான்."

"எம்புள்ளயும் நல்லாத்தாங்க இருந்தான்."

மைக் அப்போதும் நீட்டியபடியே இருந்தது, கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். ஒருவரும் கை தட்டவில்லை. தலைவர் பையும் மைக்குமாக நின்றார், அறிவிக்க அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. நான் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். "மெதுவா போடுடி, வேர்ல படப்போகுது" என்று திட்டிவிட்டு, அவள் தன் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து மரத்தின் இடுப்பை அளக்கத் தொடங்கினாள்.