கும்மிடிப்பூண்டிக்கு ஒரு கொண்டை ஊசி

காலை ஆறு மணிக்குத் திருவள்ளூரில் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டி முப்பது மைலுக்கு மேல். வண்டி மோட்டார் சைக்கிள். பட்டாளத்தில் கழித்துப் போட்டதை என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்துத் தானே பூட்டினார். அவர் ஓட்ட, பின்னால் நான்.

ரயிலில் போனால் மெட்ராசைச் சுற்ற வேண்டும். மதியம் ஆகிவிடும். பத்து மணிக்கு என் தம்பி அப்பா நிலத்தை அளந்து முழுசும் தன் பேருக்கு முடிக்கப் போகிறான். அப்பா செத்து மூன்று மாசம். பெண்ணுக்கும் பங்கு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. கோர்ட்டு வாசலில் டீ விற்கிற எனக்கு அது தெரியாதா. தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். முந்தின நாள் சாயந்திரம் பதில் வந்தது: "கட்டிக்குடுத்தவளுக்கு இன்னா பங்கு? வேணும்னா அளக்கறதுக்குள்ள வந்து கேக்கட்டும்."

மூன்று ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

"இன்னாக்கா, ஏரோப்ளேனா?" என்றான் வெற்றிலைக்கடைக்காரன்.

"ஆமா. உன் ஊட்டு மேலதான் போவுது. ஓட்டப் புடிச்சிக்கினு நில்லு."

வெங்கல் தாண்டியதும் ரோடு கப்பி. இரண்டு பக்கமும் நாற்றங்கால். உடம்பில் ஒரு எலும்பு பாக்கி இல்லாமல் ஆடியது. இந்த வண்டிக்குக் கியர் கையால் போடுவது. பெட்ரோல் டாங்கி ஓரம் ஒரு பிடி. பிடியிலிருந்து ஒரு கம்பி கீழே கியர்ப் பெட்டிக்குப் போகும். கம்பியையும் பெட்டியையும் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட்டு.

எட்டு மணிக்குப் பெரியபாளையம். ஆடி ஞாயிறு. வேப்பிலையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஜனங்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள். கடைத்தெருவில் பிடி தொளதொளவென்று ஆடியது. வண்டி கத்தியது, நகரவில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். நட்டு கடைசிப் புரியில் நின்றது. இன்னும் நாலு குலுக்கலில் விழுந்திருக்கும். நட்டுக்கு அடியில் மஞ்சள் துணி, எண்ணெய் குடித்து நசுங்கிக் கிடந்தது. போன வாரம் இதே கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டபோது கம்பியில் கட்டிய துணி. அப்புறம் வீட்டில் கம்பியைக் கழற்றி மாட்டின என் வீட்டுக்காரர், அம்மன் துணியைத் தொடக்கூடாது என்று அதன் மேலேயே நட்டை முறுக்கியிருக்கிறார்.

"பின்னு எங்க?" என்றேன். நட்டு கழலாமல் இருக்க, போல்ட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு பின் குத்தவேண்டும். முதல் தடவை அவர் பூட்டும்போது நான்தான் விளக்குப் பிடித்தேன். எனக்குத் தெரியும்.

"துணி மேல நட்டு தூக்கிக்கினு நின்னுச்சி. ஓட்ட மறைஞ்சிப்போச்சி. அம்மன் பாத்துக்குவான்னு வுட்டுட்டேன்."

"துணிய எடுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பக்கத்தில் வேப்பிலை விற்கிறவள் அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"இன்னாம்மே, அம்மன் வாசல்ல அம்மன் துணிய அறுக்கறதுக்கு என் அரிவாளா? போற வழியில வாய் கோணிக்கும்."

"கோணுனா கோணட்டும். பேசறதுக்குக் கோண வாயே போதும்."

பல்லால் கடித்துக் கிழித்தேன். வாயெல்லாம் எண்ணெய். கூட்டம் கூடிவிட்டது. "அடிப் பாவி" என்றது ஒரு குரல். துணியைக் கீழே போடவில்லை, என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

"அம்மனுக்கு இன்னா வேலன்னு அவளுக்குத் தெரியும். நட்டுப் புடிக்கிற வேல அவளுது இல்ல" என்றேன்.

அவர் ஸ்பானர் எடுத்தார். துணி போனதும் நட்டு அடிவரை இறங்கியது. ஓட்டை தெரிந்தது. பழைய பின் திருவள்ளூரில் இருக்கிறது. கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன். நுழைத்து, இரண்டு காலையும் மடக்கினார். பிடியை அசைத்தார். கியர் விழுந்தது.

ஆரணி வழியாகப் புதுவாயல். அங்கே பெரிய ரோடு, காற்று. கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. மறுபடி கொண்டை போட ஊசி இல்லை.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊரில் அப்பா நிலத்து வரப்பில் வண்டி நின்றது. நிலம் அளக்கிற சங்கிலியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இன்னாக்கா இது, தலைய விரிச்சிப் போட்டுக்கினு? எழவுக்கா வந்திருக்கிற?"

"எழவுக்குத்தான் மூணு மாசம் முன்னாலயே வந்தேனே நைனா. இப்போ பங்குக்கு வந்திருக்கிறேன்."

ஊர்ப் பெரியவர் ஒருவர், "பொம்பள வரப்புல நின்னா அளக்கக்கூடாதும்மா, தள்ளி நில்லு" என்றார்.

"அப்போ அளக்காதீங்க" என்றேன். நின்றேன்.

வெயில் ஏறியது. சங்கிலிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கினு கூப்புடுங்க" என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். தம்பி மண்ணை உதைத்தான். சாப்பிடக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் இட்லி தின்றோம்.

திரும்பும்போது பெரியபாளையத்தில் வேப்பிலைக்காரி கை காட்டி நிறுத்தினாள். என் வாயை உற்றுப் பார்த்தாள்.

"கோணலியே" என்றாள்.

"இன்னொரு தபா போவணும். அப்போ பாரு."

திருவள்ளூரில் கோர்ட்டு இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள், என் டீயைக் குடித்துக்கொண்டு சட்டம் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் சட்டம் என்பது வரப்பில் யார் நிற்கிறார்கள் என்பதுதான். அதனால் அடுத்த தடவைக்கு ஊசியை வண்டியிலேயே விட்டுவைத்தேன்.