தங்கையின் காது

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டோடு பின்னால் நகர்கிறாள் என் தங்கை. உதறுகிறாள், நீவுகிறாள், முனைகளைச் சேர்க்க என்னை நோக்கி வருகிறாள். பின்பக்கம் சலவை இயந்திரம் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. எதிர்வீட்டுச் சுவரில் யாரோ துளை போடுகிறார்கள். பாதி வழியில் நின்று, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்க்கிறாள்.

"ஜன்னலைச் சாத்தணுமாம் அம்மாவுக்கு. தூசி வருதாம்."

எனக்கு இயந்திரமும் துளை போடும் சத்தமும்தான் கேட்கின்றன. போய்ப் பார்த்தால், அம்மா ஜன்னலைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறாள். சாத்தியதும் முகம் தெளிகிறது. நன்றி, வாசலில் நிற்கும் தங்கைக்குப் போகிறது.

பக்கவாதம் அம்மாவின் வலது பக்கத்தையும் நாக்கையும் இழுத்துவிட்டது. புத்தி பழையபடி கூர்மை. பேசவும் செய்கிறாள், ஓயாமல். ஆனால் எழுத்துகளெல்லாம் குழைந்து, கஞ்சி மாதிரி ஒன்றாகிவிட்டன. சரியாகப் புரிந்துகொண்டால் நல்ல கையால் நம் விரலை ஒரு முறை அழுத்துவாள். இல்லையென்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தச் சுவர்ப்பக்கத்துக்கு என்னளவு பழகியவர் யாருமில்லை. குளிப்பாட்டுவதும், புரட்டிப் படுக்கவைப்பதும், ஊட்டுவதும் நான். அடுத்த தெருவிலிருந்து வேலை முடிந்து மாலையில் வருகிறவள் தங்கை. அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே அம்மா தலையணையிலிருந்து எழப் பார்ப்பாள். "மொழிபெயர்ப்பாளர் வந்தாச்சு" என்பார் என் கணவர். வெந்த புண்ணில் வேல்.

தங்கைக்கு வேலையும் காதால்தான். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். மற்றவர்கள் கைவிட்ட பதிவுகள் அவள் மேசைக்கு வரும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'காது'. "ஒருத்தர் வாயில பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசறார், இன்னொருத்தர் ஓடற கார்ல உக்காந்து பேசறார். எனக்கென்ன, குரல் தனி, சத்தம் தனி" என்பாள், அரிசியில் கல் பொறுக்குவதைச் சொல்வதுபோல.

கேட்கும்போது அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இடது கை விரல்கள் மட்டும் எதன்மீதாவது அழுந்தி அழுந்தி எழும். நாற்காலிக் கை, சேலை மடிப்பு, எதுவானாலும் சரி. வயலின் கற்ற விரல்கள் அவை. ஒருமுறை என் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "உன் ஃபிரிட்ஜ் சுருதி இறங்கியிருக்கு, ஆளைக் கூப்பிடு" என்றாள். அந்த வாரமே அது நின்றுபோனது. எனக்குக் கோபம் ஃபிரிட்ஜ் மேல் வரவில்லை. போனில் நான் 'ஹலோ' சொன்னால் போதும், "என்ன, மாமாவோட சண்டையா?" என்று ஆரம்பிப்பாள். ஒரு பொய்கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது.

சிறுமியாக அவள் வகுப்புக்குப் போன காலத்தில் வயலின் பெட்டியைத் தூக்கிச் சென்றவள் நான். அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள், பெட்டி அவளைவிடப் பெரிது. வாத்தியார் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் சேர்ப்பார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், தங்கைக்கு மட்டும் அம்மா பேச்சு விளங்குவதையும் இந்த வயலின் கதையையும் சொன்னேன். அவளுக்கு ஒரே உற்சாகம். "இருக்கலாம்க்கா! சின்ன வயசுல சங்கீதம் படிச்சவங்க மூளை, குரலோட ஏத்த இறக்கத்தை நல்லாப் பிடிக்குமாம். பேச்சும் அதே வழியாத்தானே போகுது? ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. எல்லாருக்கும் அப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது..."

"அந்த ரோடு போடறப்ப நான் படிக்கட்டுல உக்காந்திருந்தேம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

எனக்குச் சந்தேகமும் இருந்தது, இவள் பாதியைக் கற்பனையாகச் சொல்கிறாளோ என்று. அதனால் ஒரு பகல் அம்மா பேசியதை போனில் பதிவு செய்தேன். அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிக் காட்டி, கடைசியில் நீலப் போர்வைக்கு விரல் அழுத்தம் கிடைத்தது. மாலையில் பதிவை ஒலிக்கவிட்டேன். தங்கை தலை பின்னிக்கொண்டிருந்தாள். தவறாகச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நீலப் போர்வையைக் கேக்கறாங்க" என்றாள், சீப்பைப் பல்லில் கடித்தபடி. பிறகு சீப்பை எடுத்தாள். "ஏன்க்கா, எனக்குப் பரீட்சையா?"

"நானும் இவ்வளவு நேரம் கூடவே இருக்கேன். எனக்கு மட்டும் ஏன் விளங்கல?"

"நீ வார்த்தையைத் தேடறே. வார்த்தைதான் போயிடுச்சே. பாட்டு அப்படியே இருக்கு. அம்மா எங்கே ஏறுவாங்க, எங்கே இறங்குவாங்கன்னு நமக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டுக் கேளேன்."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அம்மாவைத் தூக்குகிறவள் கண்ணை மூட முடியுமா?

நேற்று மூடினேன். அம்மாவுக்கு உடம்பு துடைத்து, நல்ல கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தங்கை அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலருகே போய்க்கொண்டிருந்தாள். அம்மா சுவரைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். வார்த்தையை விட்டுவிட்டேன். தாழ்வாக, சின்னதாகத் தொடங்கி, மேலே ஏறி நீண்டது. அந்த ஏற்றத்தை நான் பிறந்த வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கேட்டிருக்கிறேன். அம்மா என்னைக் கூப்பிடும் 'பெரிசு' கீழே விழும். மேலே ஏறுவது ஒன்றே ஒன்றுதான், தங்கையைக் கூப்பிடும் பெயர்.

"சின்னியா? சின்னியைக் கூப்பிடறியாம்மா?"

என் விரலை அம்மா அழுத்தினாள். நோய் வந்த பிறகு நானாகப் புரிந்துகொண்ட முதல் பேச்சு.

நிமிர்ந்தேன். தங்கையின் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வாளிப் பிடியின்மேல் விரல்கள் அசையாமல் நின்றன. அம்மா மறுபடி கூப்பிட்டாள், இன்னும் நீளமாக, இன்னும் மேலே.

எதுவும் கேட்காதவள்போல் தங்கை தலையை நேராக்கிக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியோடு வெளியே போய், காலால் கதவைச் சாத்தினாள்.